ஓட்டலின் உரிமையாளர் யார்?

சரோஜினி நகர் என்றவுடன் நம் மன்றத்து நண்பர்கள் பலருக்கும் மலிவுத் துணிக்கடைகளே நினைவுக்கு வரும். தில்லிக்கு வந்த முதல் குளிர்காலத்திலேயே கம்பளிச் சட்டை வாங்க அங்குப் போகாத தமிழ் மாணவர் நம்மில் அரியர். எனக்கு அது கடைவீதி அன்று, வீடு. தந்தையார் முன்னமே இங்கு மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்தார். நான் ஆறு வயதில் தாயாருடன் கும்பகோணத்திலிருந்து வந்து சேர்ந்தேன். அரசுக் குடியிருப்பில் இரண்டு அறைகள். பக்கத்து இலட்சுமிபாய் நகரில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி. வெள்ளிக்கிழமை மாலையில் விநாயகர் கோயில். இவ்வளவே என் உலகம்.

அவ்வுலகத்தின் எல்லையில் ஓர் அரண்மனை எழுந்தது. ஆப்பிரிக்கா அவென்யூவில் 2011-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட லீலா பேலஸ் ஓட்டலையே சொல்கிறேன். அதன் அஞ்சல் குறியீட்டு எண்ணும் எங்கள் வீட்டின் எண்ணும் ஒன்றுதான்: 110023. ஒரே தபால் நிலையத்துக்கு உரியவர்களாக இருந்தும் அதன் வாயிற்படியை இன்றுவரை நான் மிதித்ததில்லை. சிறுவனாக இருந்தபோது ஒருநாள், "அப்பா, இது யாருடையது?" என்று கேட்டேன். "லீலா என்று யாரோ ஓர் அம்மாள் போலிருக்கிறது" என்றார் அவர்.

அவர் சொன்னது பாதி உண்மை என்று பிற்காலத்தில் அறிந்தேன். அந்த ஓட்டல் வரிசையைத் தோற்றுவித்த கிருஷ்ணன் நாயர், தம் மனைவியார் லீலாவின் பெயரையே அதற்கு இட்டார். ஆயின் 2019-இல் தில்லி, சென்னை, பெங்களூரு, உதயப்பூர் ஆகிய நான்கு ஊர்களின் லீலா ஓட்டல்களையும், லீலா என்ற பெயரையும் சேர்த்து, புரூக்ஃபீல்டு என்னும் கனடா நாட்டு முதலீட்டு நிறுவனம் ஏறத்தாழ 3,950 கோடி ரூபாய்க்கு வாங்கியது. வாயிற்காவலரின் தலைப்பாகை மாறவில்லை, பெயர்ப்பலகை மாறவில்லை, உரிமையாளர் மட்டும் மாறிவிட்டார். தெருவில் நடந்து போகும் எங்களுக்கு அது தெரியவே இல்லை.

இந்தப் பழைய கேள்வியை மீண்டும் கையில் எடுக்கும் தேவை எனக்கு அண்மையில் ஏற்பட்டது. தந்தையார் ஓய்வு பெறும் நாள் நெருங்குகிறது. ஓய்வு பெற்றால் அரசுக் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். கையில் ஒரு தொகை வரும். அதை என்ன செய்வது என்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது, சிங்கப்பூரில் பணிபுரியும் அத்தான் தொலைபேசியில் அழைத்தார். "மாமா, ஓட்டல் ரீட் என்று ஒன்று இருக்கிறது. ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விடுவதைவிட, இருபது ஓட்டலில் ஒவ்வொரு செங்கல் வாங்கிப் போடுங்கள், வாடகை வீடு தேடி வரும்" என்றார். தந்தையார் தொலைபேசியை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, "நீ எம்.எஸ்ஸி. படிக்கிறவன். இது என்ன, ஏது என்று பார்த்துச் சொல்லடா" என்றார்.

நான் படிப்பது இயற்பியல், பொருளியல் அன்று. எனினும் பார்த்தேன். பார்த்ததையும், பார்க்கையில் நான் செய்த ஒரு பிழையையும் மன்றத்து நண்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நம்மில் பலர் வீட்டிலும் இத்தகைய கேள்வி இன்றோ நாளையோ எழும்.

மூவர் உடைமை

ஓட்டல் என்றால் தமிழருக்கு இட்லியும் சாம்பாரும் கிடைக்குமிடம். இக்கட்டுரையில் அச்சொல் தங்குமிடத்தையே குறிக்கும். விடுதி என்று எழுதினால் நம் மாணவர் விடுதியோடு மயங்கும் என்பதால் ஓட்டல் என்றே எழுதுகிறேன்.

ஒரு பெரிய ஓட்டலை நாம் ஒரே பொருளாகக் காண்கிறோம். உண்மையில் அதில் மூன்று பொருள்கள் உள்ளன. முதலாவது, நிலமும் கட்டடமும். இரண்டாவது, பெயர், வாயிலில் ஒளிரும் பலகை. மூன்றாவது, நடத்தும் தொழில். விருந்தினரை வரவேற்றல், படுக்கை விரித்தல், சமைத்தல், கணக்கெழுதல் ஆகியவை. இம்மூன்றும் ஒருவரிடமே இருக்கலாம். மூவரிடம் பிரிந்தும் இருக்கலாம். கும்பகோணத்தில் ஒருவர் தம் கட்டடத்தைக் கல்யாண மண்டபக்காரருக்குக் குத்தகைக்கு விடுகிறார் அல்லவா? கட்டடம் அவருடையது, தொழில் இவருடையது. பெரிய ஓட்டல்களிலும் அதுவே நிகழ்கிறது.

இவ்வாறு பிரிந்த மூன்றில் முதலாவதை மட்டும், அதாவது நிலத்தையும் கட்டடத்தையும் மட்டும், பல்லாயிரவர் சேர்ந்து சிறு சிறு கூறாக உடைமை கொள்ளும் ஏற்பாடே ஓட்டல் ரீட். 'ரியல் எஸ்டேட் முதலீட்டு டிரஸ்ட்' என்னும் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளே ரீட் ஆயின. டிரஸ்ட் என்பதைத் தமிழில் அறக்கட்டளை என்று எழுதுகிறோம். அறக்கட்டளை என்றதும் நமக்கு அன்னதானமும் தண்ணீர்ப்பந்தலும் தோன்றும். இங்கு அறத்துக்கு இடமில்லை. கட்டளைக்கு மட்டுமே இடமுண்டு. பிறர் பணத்தைப் பொறுப்பேற்றவர், எழுதி வைத்த விதிப்படி நடக்க வேண்டும் என்பதே அக்கட்டளை. ஆதலின் டிரஸ்ட் என்றே வைத்துக்கொள்வோம். அதன் ஒரு கூறு யூனிட். அதை நாம் ஆய்வுக்கூடத்தில் வழங்கும் சொல்லாலேயே அலகு எனலாம்.

சாதாரணக் கம்பெனி ஒன்று இலாபம் ஈட்டினால், அதை ஈவாகக் கொடுக்கலாம். கொடுக்காமல் தொழிலிலேயே போடலாம். டிரஸ்ட் அவ்வாறு செய்வதற்கில்லை. சிங்கப்பூரில், வரி விதிப்புக்குரிய வருவாயில் குறைந்தது 90 விழுக்காட்டை அலகுதாரர்களுக்குப் பகிர்ந்தளித்தால்தான் டிரஸ்டுக்கு வரிச் சலுகை கிடைக்கும். இந்தியாவிலும் பகிரத்தக்க ரொக்கத்தில் 90 விழுக்காட்டைப் பகிர வேண்டும் என்பது விதி. வருவது பெரும்பாலும் அப்படியே வெளியே போய்விடும். இது ஒரு நன்மை. இதுவே ஒரு தீமையும் ஆகும். மழைநாளுக்கென்று பெட்டியில் தங்குவது குறைவு.

பிறந்த கதை

இவ்வேற்பாடு பிறந்த இடம் அமெரிக்கா. 1960 செப்டம்பர் 14 அன்று குடியரசுத் தலைவர் ஐசனோவர் கையொப்பமிட்ட ஒரு சட்டத்தின் மூலம் அது நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்தின் முதன்மை நோக்கம் சுருட்டு வரியை நீட்டிப்பது என்பது வேடிக்கையான செய்தி. சுருட்டு வரியின் முதுகில் ஏறிப் பெரிய கட்டடங்கள் சிறு முதலீட்டாளரின் கைக்கு வந்தன.

ஓட்டல் தொழிலில் கட்டடமும் நடத்துதலும் பிரிந்ததற்குச் சிறந்த எடுத்துக்காட்டு மேரியட் நிறுவனம். 1993-இல் அது இரண்டாகப் பிரிந்தது. நடத்தும் தொழிலை மேரியட் இன்டர்நேஷனல் எடுத்துக்கொண்டது. பெரும்பாலான கட்டடங்களையும் அவற்றின் மேலிருந்த கடனையும் ஹோஸ்ட் மேரியட் ஏற்றது. பின்னது 1999-இல் ரீட்டாக மாறியது. இன்று ஹோஸ்ட் ஹோட்டல்ஸ் என்னும் பெயரில் உலகின் மிகப் பெரிய ஓட்டல் ரீட்களுள் ஒன்றாக விளங்குகிறது.

சிங்கப்பூரில் முதல் ரீட் 2002-இல் பட்டியலிடப்பட்டது. அது கடைவளாகங்களைக் கொண்டது. ஓட்டல்களுக்கென்றே அமைந்த முதல் ரீட், 2006 ஜூலை 19 அன்று அங்குப் பட்டியலான சி.டி.எல். ஹாஸ்பிடாலிட்டி டிரஸ்ட்ஸ். அத்தான் வாங்கியதும் இதுவே. தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்கும் நாட்டில், தமிழர் பலரும் நாள்தோறும் கடந்து செல்லும் கட்டடங்களை உடையது. ஆதலின் இதனையே நம் பாடத்துக்கு எடுத்துக்கொள்வோம்.

உடைமைப் பட்டியல்

தொடங்கியபோது அதனிடம் சிங்கப்பூரில் நான்கு ஓட்டல்கள் இருந்தன: ஆர்ச்சர்ட் சாலையில் ஆர்ச்சர்ட் ஓட்டல், ஆற்றங்கரையில் கிராண்ட் காப்தோர்ன் வாட்டர்பிரண்ட், ஆன்சன் சாலையில் எம் ஓட்டல், ஹேவ்லாக் சாலையில் காப்தோர்ன் கிங்ஸ். ஆர்ச்சர்ட் ஓட்டலை ஒட்டிய கடை வரிசையும் உடன் சேர்ந்தது. இவற்றை டிரஸ்டுக்கு அளித்தது மில்லெனியம் அண்டு காப்தோர்ன் ஓட்டல் குழுமம். சிட்டி டெவலப்மென்ட்ஸ் என்னும் சிங்கப்பூர் நிறுவனத்தைச் சார்ந்தது. அக்குழுமமே அவ்வோட்டல்களைக் குத்தகைக்கு எடுத்துத் தொடர்ந்து நடத்தியது. விற்றவரே குடியிருப்பவராகவும் ஆனார்.

பிறகு உடைமை வளர்ந்தது. 2006 முடிவதற்குள் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஓர் ஓட்டல். 2007-இல் சிங்கப்பூரின் நோவோடெல் கிளார்க் கீ. 2010-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனிலும் பெர்த்திலுமாக ஐந்து. 2011-இல் ஸ்டூடியோ எம். 2013-இல் மாலத்தீவில் இரண்டு கடற்கரைத் தங்குமிடங்கள். 2014-இல் டோக்கியோவில் இரண்டு. 2015-இல் கேம்பிரிட்ஜில் ஹில்டன். 2017-இல் மான்செஸ்டரின் லவ்ரி ஓட்டலும் மியூனிக்கின் புல்மேன் ஓட்டலும். 2018-இல் பிளாரன்சு நகரில் செரெட்டானி. 2020-இல் சென்டோசாத் தீவின் டபிள்யூ ஓட்டல் சேர்ந்தது. 2024-இல் இங்கிலாந்தின் எக்சிட்டரில் ஓர் ஓட்டலும், லிவர்பூலில் ஒரு மாணவர் விடுதியும் வாங்கப்பட்டன. ஆம், மாணவர் விடுதிதான்! அங்கு நம்மைப் போல் அறை வாடகை கட்டும் ஒரு மாணவன், தன்னை அறியாமலே சிங்கப்பூரில் ஓய்வுபெற்ற ஒருவருக்குப் படியளக்கிறான்.

வாங்குவது மட்டுமன்று, விற்பதும் உண்டு. 2018-இல் பிரிஸ்பேனின் இரண்டு ஓட்டல்களை விற்றது. 2007-இல் 20 கோடியே 10 லட்சம் வெள்ளிக்கு வாங்கிய நோவோடெல் கிளார்க் கீயை 2020-இல் 37 கோடியே 59 லட்சம் வெள்ளிக்கு விற்றது. சிங்கப்பூர்த் தமிழர் டாலரை வெள்ளி என்றே வழங்குவர். நாமும் அவ்வாறே வழங்குவோம்.

இங்கு ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். 'கட்டடத்தின் உரிமை' என்று சொன்னோமே, அது என்றென்றைக்கும் உரியதன்று. ஆர்ச்சர்ட், கிராண்ட் காப்தோர்ன், எம் ஆகிய மூன்றின் மேலும் டிரஸ்டுக்கு இருப்பது 2006 ஜூலை 19 முதல் 75 ஆண்டுகளுக்கான உரிமை. காப்தோர்ன் கிங்ஸ் 1968 பிப்ரவரி முதல் 99 ஆண்டுகளுக்கு உரியது. எனவே 2067-இல் முடியும். பனிக்கட்டியை வாங்கிவைத்தவன் கதைதான். அது கரையும் வேகம் மட்டும் மிகக் குறைவு. இன்று இருபத்துமூன்று வயதுள்ள நான் அறுபதைத் தாண்டும்போது அந்த ஓட்டல் டிரஸ்டின் கையில் இராமற்போகலாம். 'ஒரு செங்கல் வாங்குங்கள்' என்ற அத்தானுக்கு இது தெரிந்திருக்கவில்லை.

வாடகைக் கணக்கு

அடுத்து, வாடகை எப்படிக் கணிக்கப்படுகிறது? வீட்டு வாடகை மாதம் இவ்வளவு என்று நிலையாக இருக்கும். ஓட்டலில் அப்படியன்று. 2006-ஆம் ஆண்டுக் குத்தகைப்படி, சிங்கப்பூர் ஓட்டலை நடத்துபவர் அதன் மொத்த வரவில் 20 விழுக்காட்டையும், நடப்புச் செலவு போக நின்ற இலாபத்தில் 20 விழுக்காட்டையும் கூட்டி வாடகையாகத் தர வேண்டும். வியாபாரம் எவ்வளவு மோசமானாலும் குறைந்தபட்சத் தொகை ஒன்றைத் தந்தாக வேண்டும். ஆர்ச்சர்ட் ஓட்டலுக்கு அக்குறைந்த தொகை ஆண்டுக்கு 1 கோடியே 3 லட்சம் வெள்ளி.

ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். நல்ல ஆண்டில் ஓட்டலின் வரவு 6 கோடி, இலாபம் 2 கோடி என்க. வாடகை, 1 கோடியே 20 லட்சமும் 40 லட்சமும் சேர்ந்து 1 கோடியே 60 லட்சம். கெட்ட ஆண்டில் வரவு ஒன்றரைக் கோடி, இலாபம் 10 லட்சம் என்க. மேற்கண்ட விதிப்படி 30 லட்சமும் 2 லட்சமும் சேர்ந்து 32 லட்சமே வரும். ஆயின் குறைந்தபட்ச விதி குறுக்கே நின்று 1 கோடியே 3 லட்சத்தைக் காக்கும். கிணற்றில் விழுந்தவனுக்கு நடுவில் ஒரு படிக்கட்டுக் கிடைத்தது போல.

எல்லா ஓட்டல்களுக்கும் இப்படிக்கட்டு இல்லை. சிலவற்றைக் குத்தகைக்கு எடுக்க ஆள் இல்லாவிடில் டிரஸ்டே நடத்த நேரும். ரீட் என்பது வாடகை வாங்கலாமே தவிரத் தொழில் நடத்துவதற்கன்று. இதற்காகவே தொழில் டிரஸ்ட் ஒன்றை அதனுடன் பிணைத்து வைத்தனர். இரு தாள்களைச் சேர்த்து ஊசி குத்தியதுபோல இரண்டும் ஒரே அலகாக விற்கும். தொடக்கத்தில் சும்மா இருந்த அத்தொழில் டிரஸ்ட், 2013 இறுதியில் மாலத்தீவுத் தங்குமிடம் ஒன்றை ஏற்றபோது உழைக்கத் தொடங்கியது. அவ்விடங்களில் இலாபமும் அலகுதாரருக்கே, நட்டமும் அவருக்கே.

என் பிழை

இனி என் பிழைக்கு வருகிறேன். தந்தையார் கேட்ட மறுநாளே ஓர் எண்ணைக் கண்டுபிடித்தேன். 2019-இல் ஓர் அலகுக்கு அந்த டிரஸ்ட் பகிர்ந்தது 9.02 காசு. பத்தாயிரம் அலகு வைத்திருந்தால் ஆண்டுக்கு 902 வெள்ளி. தாளை எடுத்தேன், பத்து ஆண்டுக்குப் பெருக்கினேன், ரூபாயாக்கினேன், கூட்டுவட்டியும் சேர்த்தேன். அழகான ஒரு வளைகோடு மேல்நோக்கிச் சென்றது. அதை வரைந்து தந்தையாரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "கோடு நன்றாகத்தான் இருக்கிறது. கொரோனா வந்த வருஷம் இதில் எங்கேயடா?" என்றார்.

எனக்கு முகம் சிவந்தது. ஒரே ஓர் அளவீட்டை எடுத்துக்கொண்டு அதன்மேல் கோடு வரைந்திருக்கிறேன். ஆய்வுக்கூடத்தில் முதலாண்டு மாணவன் இதைச் செய்தால் ஏட்டைத் திருப்பித் தந்துவிடுவார்கள். தந்தையாரின் முப்பதாண்டு உழைப்பின் பலன் என்று வரும்போது நான் அதைச் செய்தேன்.

மீண்டும் உட்கார்ந்து எல்லா ஆண்டுகளையும் எழுதினேன். 2019-இல் சிங்கப்பூருக்கு வந்த வெளிநாட்டார் 1 கோடியே 91 லட்சம் பேர். 2020-இல் அது 27 லட்சமாயிற்று. 2021-இல் ஏறத்தாழ 3 லட்சத்து 30 ஆயிரம் மட்டுமே. விமானம் இல்லை, விருந்தினர் இல்லை. தனிமைப்படுத்தப்பட்டோரை வைக்க அரசு சில ஓட்டல்களை எடுத்துக்கொண்டது. அதுவும் குறைந்தபட்ச வாடகையும் ஓரளவு கைகொடுத்தன. ஆயினும் அலகுக்கான பகிர்வு 2020-இல் 4.95 காசாகவும், 2021-இல் 4.27 காசாகவும் இறங்கியது. பத்தாயிரம் அலகு உடையவருக்கு 902 வெள்ளி முதலில் 495 ஆகவும், பின்பு 427 ஆகவும் குறைந்தது.

நோய் நீங்கிய பின் பழைய நிலை திரும்பியதா? 2022-இல் 5.63 காசு, 2023-இல் 5.70, 2024-இல் 5.32. விருந்தினர் பெரும்பாலும் திரும்பிவிட்டனர். 2024-இல் 1 கோடியே 65 லட்சம் பேர் வந்தனர். பகிர்வு மட்டும் ஏன் திரும்பவில்லை? முக்கியமான காரணம் கடன். டிரஸ்ட் தன் கட்டடங்களை அலகுதாரரின் பணத்தால் மட்டும் வாங்குவதில்லை, கடனும் வாங்குகிறது. 2022 முதல் உலகெங்கும் வட்டி ஏறியது. விருந்தினர் கொண்டுவந்த வெள்ளியில் ஒரு பகுதி, அலகுதாரரிடம் வருமுன் வங்கிக்குத் திரும்பியது.

இவ்வளவிலிருந்தும் நான் கண்ட உண்மை ஒன்றே. அலுவலகக் கட்டடத்தின் வாடகை ஆண்டுக்கணக்கில் எழுதப்படுகிறது. கடையின் வாடகையும் அவ்வாறே. ஓட்டல் அறை மட்டும் ஒவ்வோர் இரவும் புதிதாக வாடகைக்கு விடப்படுகிறது. இன்று காலியாய்க் கிடந்த அறையை நாளைக்கு இருமுறை விற்க இயலாது. பல்லாயிரவருக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டதால் உடைமை சிறிதாகும். ஆபத்தின் இயல்பு மாறாது. வளமான ஆண்டில் மற்றவற்றுக்கு முன் எழுவதும் ஓட்டலே. கெட்ட ஆண்டில் முதலில் விழுவதும் ஓட்டலே.

நம் நாட்டு நிலை

இந்தியாவில் ரீட்களுக்கான விதிகளைச் செபி 2014 செப்டம்பரில் வெளியிட்டது. முதல் ரீட்டான எம்பசி ஆபீஸ் பார்க்ஸ் 2019 ஏப்ரல் 1 அன்று பட்டியலாயிற்று. மைண்ட்ஸ்பேஸ் 2020-இலும், புரூக்ஃபீல்டு இந்தியா 2021-இலும், நெக்சஸ் செலக்ட் 2023-இலும் தொடர்ந்தன. இந்த முதல் நான்கில் ஓட்டல்களை மட்டுமே கொண்டது ஒன்றும் இல்லை. எம்பசியிடம் பெங்களூரில் ஹில்டன், ஃபோர் சீசன்ஸ் முதலிய ஓட்டல்கள் உண்டு. அலுவலகக் கட்டடங்களே அதன் பெரும்பகுதி. நெக்சஸ் பட்டியலானபோது அதனிடம் 17 கடைவளாகங்களும், சண்டிகரில் ஒன்றும் பெங்களூரில் ஒன்றுமாக இரண்டு ஓட்டல்களும் இருந்தன. சென்னை வடபழனியின் விஜயா மாலும், நாம் தேர்வு முடிந்ததும் போகும் சாக்கேத்து செலக்ட் சிட்டிவாக்கும் அதன் உடைமைகளே. சோற்றுக்கு ஊறுகாய்போல ஓட்டலைத் தொட்டுக்கொள்ளும் இம்முறையின் காரணம் மேலே சொன்னதிலிருந்து விளங்கும்.

தொடக்கத்தில் இரண்டு லட்சம் ரூபாயாவது போட்டால்தான் ரீட்டில் சேர முடியும். 2019-இல் அதை 50,000 ஆகவும், 2021-இல் 10,000 முதல் 15,000 ஆகவும் குறைத்தனர். சந்தையில் ஒரே ஓர் அலகையும் வாங்க வழி செய்தனர். கதவு அகலமாகத் திறந்திருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று அறிந்து நுழைவது நம் பொறுப்பு.

லீலா இன்னும் வேறு வகை. அதன் உரிமையாளர் நிறுவனத்தின் பங்குகள் 2025 ஜூனில் சந்தையில் பட்டியலாயின. அது ரீட் அன்று, கம்பெனி. பெயரும் நடத்தும் தொழிலும் கட்டடங்களும் அதனுள் அடங்கும். கிடைத்ததில் இவ்வளவைப் பகிர்ந்தே ஆகவேண்டும் என்னும் கட்டளை அதற்கு இல்லை. ஆக, அரண்மனையின் ஒரு துகளை இன்று என் தந்தையாரும் வாங்கலாம். ஆனால் அது 'வாடகை' ஆகாது.

அசோகா

எங்கள் வீட்டிலிருந்து லீலாவையும் தாண்டி நடந்தால் சாணக்கியபுரியில் அசோகா ஓட்டல் நிற்கிறது. 1956-இல் தில்லியில் கூடிய யுனெஸ்கோ மாநாட்டுக்காக அரசு கட்டியது அது. சுமார் 550 அறைகள். 1966-இல் தோன்றிய இந்திய சுற்றுலா வளர்ச்சிக் கழகம் அதனை நடத்துகிறது; அக்கழகத்தின் பங்குகளில் ஏறத்தாழ 87 விழுக்காடு மத்திய அரசினுடையது. மூன்று உடைமைகளும் ஒரே கையில் இருப்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. ஒரு வகையில் அது நம் எல்லாருடைய ஓட்டல். அலகுப் பத்திரம் மட்டும் நம்மிடம் இல்லை.

2001, 2002 ஆண்டுகளில் அக்கழகத்தின் பல ஓட்டல்களை அரசு விற்றது. மதுரையில் இருந்ததும் மாமல்லபுரத்துக் கடற்கரையில் இருந்ததும் அவ்வாறே தனியாரிடம் சென்றன. 2021 ஆகஸ்டில் வெளியான தேசியப் பணமாக்கல் திட்டத்தில் கழகத்தின் 8 ஓட்டல்கள் இடம்பெற்றன. இது சரியா தவறா என்று இங்கு நான் வழக்காட வரவில்லை. பொதுச் சொத்தானாலும் டிரஸ்டின் சொத்தானாலும் கேட்க வேண்டிய கேள்விகள் ஒன்றே: கட்டடம் யாரிடம், எத்தனை ஆண்டுக்கு? நடத்துபவர் யார், அவர் தரும் குறைந்தபட்சம் எவ்வளவு? மேலே எவ்வளவு கடன்? பெயர்ப்பலகையைப் பார்ப்பவன் வழிப்போக்கன். இம்மூன்றையும் கேட்பவன் உரிமையாளன்.

நாங்கள் முதலில் குடியிருந்த வரிசை வீடுகள் இன்று இல்லை. சரோஜினி நகர், நேதாஜி நகர், நவ்ரோஜி நகர் உட்பட ஏழு அரசுக் குடியிருப்புகளைப் புதிதாகக் கட்ட 2016-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. நவ்ரோஜி நகரில் எழுந்த வணிக வளாகத்தை விற்ற பணமும் அக்கட்டுமானத்துக்கு உதவுகிறது. என் தாயார் வைத்த கறிவேப்பிலை மரம் நின்ற இடத்தை இப்போது என்னால் அடையாளம் காட்ட முடியாது. நிலம் என்பது எத்துணைப் பெரிய பொருள் என்பதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. அந்த இடத்தில் நின்று கற்றேன்.

தந்தையாரிடம் இரண்டாவது தாளைக் கொடுத்தேன். அதில் வளைகோடு இல்லை. ஆறு ஆண்டின் ஆறு எண்கள் மட்டும். அவர் படித்துவிட்டு, "ஆயுள் முழுக்க வாடகை கொடுத்தே பழகியவன் நான். வாங்குகிறவனாகவும் கொஞ்ச நாள் இருந்து பார்க்கலாம் என்றுதான் ஆசைப்பட்டேன்" என்றார். எனக்கு என்ன மறுமொழி சொல்வதென்று தெரியவில்லை. தாயார்தாம் பேசினார்: "முதலில் கும்பகோணத்து வீட்டுக் கூரை ஒழுகாமல் இருக்கட்டும். அப்புறம் சிங்கப்பூர் ஓட்டலைப் பார்க்கலாம்."

அவ்வாறே முடிவாயிற்று. பெருந்தொகை, பழைய வீட்டைச் செப்பனிட. அதன்பின் மிஞ்சுவதில், போனாலும் தூக்கம் கெடாத ஒரு சிறு தொகைக்கு நம் நாட்டு ரீட் அலகுகள். அத்தானுக்கும் இச்செய்தியைச் சொன்னோம். அவர் சிரித்துவிட்டு, தம்முடைய அலகுகளின் குத்தகை எந்த ஆண்டு முடிகிறது என்று என்னையே கேட்டார், எழுதி அனுப்பினேன்.

நண்பர்களே! நம்மில் பலரும் அரசு ஊழியர்களின் பிள்ளைகள். பெற்றோர் ஓய்வு பெறும் நாளில் அவர்கள் நம்மைத்தான் கேட்பார்கள். படித்தவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்புவார்கள். அந்நம்பிக்கையும் ஒரு டிரஸ்டே. ஒரே ஆண்டின் எண்ணை வைத்துக்கொண்டு அவர்கள்முன் கோடு வரையாதீர்கள்.